பனைகளை வான்படத்தில் எண்ணுதல்: கூகுள் எர்த் ப்ரோ, க்யூஜிஐஎஸ், க்யூஃபீல்டு – ஒரு பயன்பாட்டு மதிப்புரை

பனை வெட்டப்பட்டதாக ஊரார் புகார் கொண்டு போகும்போது முதலில் எழும் கேள்வி, அங்கே மரம் நின்றதற்கு என்ன சான்று என்பதுதான். வெட்டிய கையோடு தூரையும் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுத்து மண்ணை நிரவிவிட்டால், கண்டவர்களின் வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று, 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டமும் அதிலேயே இடம்பெற்றது. நட்டதைக் காப்பதற்கும் நிற்பதைக் காப்பதற்கும், எந்தக் கரையில் எந்தப் புல எண்ணில் எத்தனை பனை நிற்கிறது என்ற பதிவேடு ஊருக்கு வேண்டும். அப்படியொரு பதிவேட்டை ஓர் ஊராட்சியோ இளைஞர் மன்றமோ பெரிய செலவின்றித் தானே உருவாக்கிக்கொள்ள முடியுமா என்பதை மனத்தில் வைத்து, இலவசமாகக் கிடைக்கும் மூன்று மென்பொருள்களை இங்கே மதிப்பிடுகிறேன். ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் கண்மாய்க் கரைகளிலும் தேரிக்காட்டு ஓரங்களிலும் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவமே இதற்கு அடிப்படை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படங்களைப் பார்க்கக் கூகுள் எர்த் ப்ரோவையும், நில ஆவணங்களோடு பொருத்திப் பார்க்க க்யூஜிஐஎஸ்ஸையும், கரையில் நடந்து சரிபார்க்க க்யூஃபீல்டையும் கையாண்டால், அரசு அலுவலகத்தில் தயக்கமின்றி வைக்கக்கூடிய ஒரு கணக்கு கிடைக்கும். திரையில் எண்ணியதை மட்டுமே கணக்கென்று கொடுத்தால் அது முதல் விசாரணையிலேயே விழுந்துவிடும். வான்படம் தருவது எங்கெங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலை. மரக் கணக்கு கரையில் நடந்த பிறகே உருவாகிறது.

கூகுள் எர்த் ப்ரோ ஒரு காலத்தில் ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம் கேட்ட மென்பொருள்; 2015 முதல் யாரும் இலவசமாகக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். மரக் கணக்கெடுப்பவர்களுக்கு இதிலுள்ள பெரிய செல்வம், மேற்பட்டையில் கடிகாரக் குறியை அழுத்தினால் விரியும் காலக்கோடு. ஒரே கரையின் பல ஆண்டுப் படங்களை அதில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த வேதாரண்யம் பகுதியை இப்படி முன்னும் பின்னுமாகப் பார்ப்பவர்களுக்கு, அடர்ந்திருந்த தென்னந்தோப்புகள் எப்படி வெறிச்சோடின என்பது விளங்கும். ஒரு கரையில் இருந்த பனை வரிசை எந்தப் படம் வரை நின்றது, எந்தப் படத்தில் இல்லை என்பதைத் தேதியோடு சொல்ல முடிவதால்தான், இந்த மதிப்புரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட சான்றுக் கேள்விக்கு ஓரளவேனும் விடை கிடைக்கிறது. வெட்டிய நாளை அது சொல்லாது. இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட காலத்தை மட்டும் சொல்லும். அந்த இடைவெளி சில இடங்களில் சில மாதங்களாகவும், உட்கிராமங்களில் ஆண்டுகளாகவும் இருக்கிறது என்பதைப் புகார் எழுதுபவர் மறந்துவிடக் கூடாது.

மேலிருந்து பார்க்கையில் பனை எப்படித் தெரியும் என்பதை முதலில் கண்ணுக்குப் பழக்க வேண்டும். தென்னையின் நீண்ட மட்டைகள் நாற்புறமும் விரிந்து நட்சத்திரம் போலத் தெரியும். பனையின் விசிறி ஓலைகள் நெருங்கி நிற்பதால் அதன் தலை சிறிய, கரடுமுரடான, சாம்பல் கலந்த பச்சை வட்டமாகத் தெரியும். தென்னை பெரும்பாலும் இடைவெளி ஒத்த வரிசைகளில் தோப்பாக இருக்கும். பனை வரப்பிலும் கரையிலும் எல்லையிலும் கோடாகவோ சிதறலாகவோ நிற்கும். இவ்வளவு தெரிந்தும் தலையை மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாத மரங்கள் நிறைய வரும். அப்போது கைகொடுப்பது நிழல். நெட்டையான மெல்லிய கோடும் அதன் முனையில் உருண்டையும் தரையில் விழுந்திருந்தால் அது பனை. கோடு மட்டும் இருந்து முனையில் உருண்டை இல்லையென்றால், இடி விழுந்தோ குருத்து அழுகியோ பட்டுப்போன மொட்டைப் பனையாக இருக்கலாம். பட்டுப்போன மரத்தின் தலை படத்தில் தெரியவே தெரியாது, அதன் நிழல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆந்தையும் கிளியும் மைனாவும் பொந்து கொள்வது அந்த மரங்களில்தான் என்பதால், அவற்றைக் கணக்கில் விடுவதை நான் ஏற்பதில்லை.

நிழலைப் படிப்பதில் நம் நிலப்பகுதிக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. உயர்தெளிவுப் படங்களில் பெரும்பாலானவை முற்பகலில் எடுக்கப்படுபவை. மார்கழியில் சூரியன் தென்கிழக்கே இருப்பதால் நிழல் வடமேற்கே நீளும். ஆனி மாதத்தில் சூரியன் நம் தலைக்கும் வடக்கே போய்விடுவதால் அதே மரத்தின் நிழல் தென்மேற்கே, குட்டையாக விழும். ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் கரையில் மார்கழி, தை மாதப் படங்களை எடுத்துக்கொண்டால் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியே எண்ண வாய்க்கும். டிசம்பர் பிற்பகுதியில் முற்பகல் பத்தரை மணியளவில் ராமநாதபுரத்தில் சூரியன் ஏறத்தாழ 48 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது சமதரையில் 12 மீட்டர் நிழல் விழுந்தால் மரத்தின் உயரம் சுமார் 13 மீட்டர் என்று கணக்கிடலாம். கரைச் சரிவில் விழும் நிழலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் படங்களில் மேகமும் ஈரப் பச்சையும் மறைப்பதால், புல் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரைப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்த மென்பொருளின் குறைகள் எவையும் சிறியவை அல்ல. ஒரு தேதியிலிருந்து மற்றொரு தேதிக்கு நகர்த்தும்போது படமே சில மீட்டர் தள்ளிப்போவது அதில் வழக்கம். முந்தைய படத்தில் மரத்தின் மேல் வைத்த புள்ளி அடுத்த படத்தில் வெறும் தரையில் நிற்கும். புள்ளிக்குக் கீழே மரம் இல்லை என்பதாலேயே மரம் வெட்டப்பட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அருகிலுள்ள கலுங்கு (கண்மாயின் உபரிநீர் வழியும் இடம்), மடை (பாசன நீர் திறக்கும் வாய்), கோயில் மூலை போன்ற அசையாத அடையாளம் ஒன்றை வைத்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்த பிறகே பேச வேண்டும். செயற்கைக்கோள் சாய்ந்த கோணத்தில் எடுத்த படங்களில், உயரமான மரத்தின் தலை அதன் தூரிலிருந்து விலகித் தெரியும். எல்லைக் கோட்டில் நிற்கும் பனை பக்கத்து நிலத்தில் நிற்பதாகத் தோன்றி வழக்கு வரை போகக்கூடிய பிழை இது. எல்லாவற்றுக்கும் மேலாக, வடலிகள் எனப்படும் இளம் பனைகள் படத்தில் கிடைப்பதில்லை. சீமைக் கருவேலம் மூடிய கரையில் அதன் பச்சைக்குள் வடலி மட்டுமா, நடுத்தர உயரப் பனைகூட மறைந்துவிடுகிறது. கூட்டமாக நெருங்கி நிற்கும் நான்கைந்து பனைகள் ஒரே தலையாகத் தெரியும். ஓர் ஊரின் பனைச் செல்வம் வரும் தலைமுறையில் பெருகுமா குறையுமா என்பதை வடலிகளின் எண்ணிக்கையே சொல்லும் என்பதால், வான்படத்தோடு நின்றுவிடும் கணக்கு நமக்கு மிகத் தேவையான விடையைத் தருவதே இல்லை.

க்யூஜிஐஎஸ் 2002 இல் தொடங்கப்பட்ட, வரைபடங்களைக் கையாளும் திறந்த மூல மென்பொருள். கற்றுக்கொள்ளச் சற்றுப் பொறுமை வேண்டும். பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அடிப்படை வேலைகள் விரைவில் கைவந்துவிடும். கூகுள் எர்த்தில் வைத்த புள்ளிகளைக் கேஎம்எல் என்ற இடக்குறிப்புக் கோப்பாகச் சேமித்து இதில் திறந்துகொள்ளலாம். திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அளவுகள் மீட்டரில் வரும்படி ஆயத் தொகுதியை (இடத்தை எண்களால் குறிக்கும் முறையை) யூடிஎம் முறைக்கு மாற்றுவது; அது பூமியைத் தீர்க்கரேகை வாரியாக மண்டலங்களாகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டை 78 பாகைத் தீர்க்கரேகை இரண்டாகப் பிரிக்கிறது: சென்னை, மதுரை, ராமநாதபுரம், தூத்துக்குடி ஆகியவை யூடிஎம் 44 வடக்கு மண்டலத்திலும், கோயம்புத்தூர், திருநெல்வேலி, நாகர்கோவில் ஆகியவை 43 வடக்கு மண்டலத்திலும் வருகின்றன. மென்பொருள் கேட்கும் எண்கள் முறையே 32644, 32643. தூத்துக்குடி மாவட்டத்திலேயே மேற்குப் பகுதிகள் 43ஆம் மண்டலத்தில் விழுவதால், மாவட்டத் தலைநகரைப் பார்த்து மண்டலத்தைத் தேர்ந்தெடுக்காமல் வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் க்யூஜிஐஎஸ்ஸை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், நில ஆவணத்தையும் படத்தையும் அது ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டுவதுதான். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படத்தைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் எவரும் எடுத்துக்கொள்ளலாம். அதில் எல்லைக் கற்களுக்கு இடையிலான அளவுகள் இருக்கும். பூமியின் எந்த இடம் என்ற ஆயங்கள் இருக்காது. அந்தத் தாளைப் படமாக்கி, வரப்பு முனை, சிறுபாலம், கிணற்று மூலை என்று படத்திலும் தாளிலும் ஒருசேரத் தெரியும் நான்கைந்து இடங்களைக் குறித்துப் பொருத்தினால், ஒவ்வொரு பனையும் புறம்போக்கில் நிற்கிறதா பட்டாவில் நிற்கிறதா என்று சொல்ல முடிகிறது. இந்தப் பொருத்தம் சர்வேயரின் அளவீட்டுக்கு மாற்றாகாது என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதைவிடப் பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருப்பதால், மனுவை யாரிடம் கொடுப்பது என்பதும் இந்தக் கட்டத்திலேயே தெளிவாகிவிடும். இதிலுள்ள அட்லஸ் வசதி கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசையாக ஏ3 தாள்களில் அச்சிட்டுத் தரும். கைப்பேசித் திரையைப் பார்க்கத் தயங்கும் பெரியவர்கள் அந்தத் தாளைக் கையில் வாங்கியதும், மடையிலிருந்து கலுங்கு வரை விரல் வைத்துக்கொண்டே போய், இங்கே நின்ற மூன்று மரம் இப்போது இல்லை என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

க்யூஃபீல்டு, க்யூஜிஐஎஸ்ஸில் தயாரித்த வரைபடத்தை அப்படியே ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்து தரும் செயலி. சிக்னல் இல்லாத கரையிலும் வேலை செய்யும் என்பது இதன் முதல் சிறப்பு. பின்னணிப் படத்தை முன்கூட்டியே கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது சிறப்பு, படிவத்தை நம் விருப்பப்படி தமிழிலேயே அமைத்துக்கொள்ள முடிவது. மற்ற மரக் கணக்கெடுப்புகளின் படிவத்தை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேம்பு, புங்கன் போன்ற மரங்களுக்கு 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை அளப்பது இந்திய வனத்துறை வழக்கம். அந்த அளவிலிருந்து மரத்தின் வளர்ச்சியை ஓரளவு சொல்லலாம். பனை ஒருவித்திலைத் தாவரம். தண்டு உயர்ந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. ஆகவே டேப்பைச் சுற்றி அளப்பதில் நேரத்தைச் செலவிடுவதைவிட, உயரப் பிரிவு, தலையின் நலம், தீ வைத்த தடம், ஏறும் மரமா விட்ட மரமா, அடியில் எத்தனை வடலி என்ற விவரங்களைக் கேட்கும் படிவமே பனைக்கு ஏற்றது.

ஆண்பனையா பெண்பனையா என்ற கட்டத்தையும் படிவத்தில் வைக்க வேண்டும். கூடவே "தெரியாது" என்ற தெரிவும் கட்டாயம் இருக்க வேண்டும். பாளை விடும் வயது வரும்வரை, அதாவது நட்டுப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும்வரை, வடலியைப் பார்த்து எவராலும் ஆண் பெண் சொல்ல முடியாது. மாசி முதல் ஆனி வரை பாளையும் நுங்கும் கண்ணுக்குத் தெரியும் பருவத்தில், ஊரில் பனையேறும் ஒருவரோடு நடந்தால் இந்தக் கட்டம் பிழையின்றி நிரம்பும். "அண்ணாச்சி, இது பெண்பனைதானே?" என்று கேட்டால், மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல், கீழே கிடக்கும் காய்ந்த கதிரைக் காலால் புரட்டிக் காட்டி விடை சொல்லிவிடுவார்கள். அந்த அறிவுக்கு ஈடான வசதி எந்த மென்பொருளிலும் இல்லை. கணக்கெடுப்புச் செலவில் அவர்களுக்கு நாட்கூலி ஒதுக்குவதை முதல் வரியாக எழுத வேண்டும்.

கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை விலகும். அடர்த்தியான தலைகளுக்குக் கீழே விலகல் கூடும். கரையில் பனைகள் பெரும்பாலும் அதே அளவு இடைவெளியில்தான் நிற்கின்றன. ஆகையால் நீலப் புள்ளி காட்டும் இடத்திலேயே மரத்தைப் பதிவுசெய்தால் அடுத்தடுத்த மரங்கள் இடம் மாறிவிடும். ஜிபிஎஸ் நம்மைக் கரையின் அந்தப் பகுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது; புள்ளியைப் படத்தில் தெரியும் தலையின் மேல் கையால் நகர்த்தி வைப்பதே சரி. மடையிலிருந்து தொடங்கிக் கலுங்கை நோக்கி வரிசை எண் கொடுத்துக்கொண்டே போனால் பின்னர் எவர் வந்து பார்த்தாலும் அதே வரிசையில் சரிபார்க்க முடியும். க்யூஃபீல்டில் எனக்குள்ள ஒரே பெரிய மனக்குறை, பலர் தனித்தனிக் கைப்பேசிகளில் எடுத்ததை ஒன்றுசேர்க்கும் வேலை கணினி அறிந்த ஒருவரைச் சார்ந்தே இருப்பதுதான்.

திரையில் எண்ணியதையும் கரையில் எண்ணியதையும் ஒப்பிடாமல் எந்த எண்ணையும் வெளியிடக் கூடாது. கரை முழுவதையும் நடக்க ஆளில்லாத பெரிய கண்மாய்களில், நூறு மீட்டர் நீளத் துண்டுகள் பத்தை முன்பே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவற்றில் மட்டும் ஒரு மரம் விடாமல் எண்ணலாம். எடுத்துக்காட்டாக, அந்தப் பத்துத் துண்டுகளில் படத்தில் எண்ணியவை 240 என்றும், தரையில் நிற்பவை 300 என்றும் வைத்துக்கொள்வோம். படத்தில் குறித்த 240 இல் 18 பனையே இல்லை என்று தெரியவந்தால், படம் சரியாகக் கண்டவை 222, தவறவிட்டவை 78. முழுக் கரையில் படத்தின் எண்ணிக்கை 2,000 என்றால், 300ஐ 240 ஆல் வகுத்த 1.25 ஆல் பெருக்கி ஏறத்தாழ 2,500 என்று மதிப்பிடலாம். துண்டுக்குத் துண்டு இந்த விகிதம் எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், அறிக்கையைப் படிக்கும் அலுவலருக்கு அந்த 2,500ஐ எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். தேர்ந்தெடுத்த துண்டுகளை நடக்க வசதியான இடங்களாகப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது. கருவேலம் மண்டிய துண்டு வந்தால் அரிவாளோடு போய்த்தான் எண்ண வேண்டும்.

வேறு சில கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகவும் அடிக்கடியும் கிடைத்தாலும், அவற்றின் ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். பனையின் தலை அதற்குள் கரைந்துபோகும். சீமைக் கருவேலம் ஆண்டுதோறும் எவ்வளவு பரவியது என்று பார்க்க அது போதும். மெட்டா நிறுவனமும் உலக வளங்கள் நிறுவனமும் 2024 இல் வெளியிட்ட ஒரு மீட்டர் தெளிவுள்ள மர உயர வரைபடம் கவர்ச்சியானது. அதன் கணிப்பு முறை பெரிதும் அமெரிக்க வான்வழி லேசர் அளவீடுகளில் பயிற்சி பெற்றது என்பதால், தனித்து நிற்கும் மெலிந்த பனைக்கு அதை நான் நம்பிப் பயன்படுத்த மாட்டேன். தலைகளைத் தானே கண்டுபிடிக்கும் டீப்ஃபாரஸ்ட் போன்ற நிரல்கள், ஒரு படப்புள்ளி 10 சென்டிமீட்டர் அளவில் உள்ள படங்களுக்காக உருவானவை. செயற்கைக்கோள் படத்தில் அவற்றை ஓடவிட்டு வரும் எண்ணைக் கணக்கென்று காட்டுவது ஊரை ஏமாற்றுவதாகும். ட்ரோன் படம் இந்தக் குறையைத் தீர்க்கும். 2021 ட்ரோன் விதிகளின்படி பசுமை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதியின்றிப் பறக்கலாம். விமான நிலையங்களைச் சுற்றியுள்ள சிவப்பு, மஞ்சள் மண்டலங்களை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடற்காற்றில் ஓலை ஆடும் பிற்பகலில் பறந்தால் படங்களைத் தைத்து ஒன்றாக்கும்போது தலைகள் கலங்கிப்போகும் என்பதால் அதிகாலையே ஏற்ற நேரம்.

நகரத்தில் சாலையோரத் தூங்குமூஞ்சி, இயல்வாகை, புங்கன் போன்ற அகன்ற மரங்களின் நிழற்பரப்பை மட்டும் அறிய விரும்புவோருக்கு ஐ-ட்ரீ கேனோபி என்ற இணையக் கருவி மிகப் பொருத்தமானது. வரைபடத்தில் குலுக்கலாக விழும் ஒவ்வொரு புள்ளியும் மரத்தின் மேல் விழுந்ததா இல்லையா என்று நாம் சொல்ல, மரப்பரப்பின் விழுக்காட்டைப் பிழை அளவோடு தருகிறது. மரப்பரப்பு 20 விழுக்காடு உள்ள இடத்தில் 100 புள்ளிகள் பார்த்தால் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு வழக்கமாக விலகக்கூடிய அளவு, 4 விழுக்காட்டுப் புள்ளிகள். 500 பார்த்தால் 1.8 ஆகக் குறையும். பிழையை மறைக்காமல் முகப்பிலேயே காட்டும் இந்தப் பண்புக்காகவே அதை மதிக்கிறேன். பனையை எண்ணுவதற்கு அது உதவாது.

பெரிய அமைப்புகள் எடுக்கும் கணக்கில் நம் பனைகள் வந்திருக்குமே என்று எண்ணி இருந்துவிட முடியாது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறையில் குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பும் 10 விழுக்காட்டு மரச் செறிவும் உள்ள இடமே வனப்பரப்பு. கரையில் ஒற்றை வரிசையாக நிற்கும் பனை அதில் சேராது. 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்திய விளைநிலங்களில் சுமார் 60 கோடி மரங்களைச் செயற்கைக்கோள் படங்களில் தனித்தனியே கண்டு, 2010–11 இல் இருந்த பெரிய மரங்களில் ஏறத்தாழ 11 விழுக்காடு 2018க்குள் மறைந்ததாகச் சொன்னது. அது பேசிய பெரிய மரங்களின் தலைப்பரப்பு சராசரியாக 96 சதுர மீட்டர். பனையின் தலை அதில் ஒரு சிறு பங்குதான். ஆலுக்கும் இலுப்பைக்கும் பொருந்தும் அந்த எச்சரிக்கையைப் பனைக்கு நாமே தனியாக எண்ணித்தான் அறிய வேண்டும்.

எடுத்த கணக்கை, எவரும் சேர்த்துத் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றி எல்லோருக்கும் பயன்படச் செய்யலாம். அங்கே ஏற்றும் புள்ளிகளைக் கூகுள் படத்தின் மேல் வைத்து வரைய உரிமம் இடம் தருவதில்லை; பிங், எஸ்ரி படங்களுக்கு அனுமதி உண்டு. பொதுவில் ஏற்றும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலிருந்தே அந்தப் படங்களின் மேல் புள்ளி வைத்து, கூகுள் எர்த்தின் காலக்கோட்டைப் பழைய நிலையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். புறம்போக்குக் கரையில் நிற்கும் பனைகளை ஏற்றுவதில் தயக்கம் தேவையில்லை. பட்டா நிலத்துப் பனைகளை உரியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே ஏற்ற வேண்டும். அவருடைய பெயரும் பட்டா எண்ணும் ஊராட்சியின் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.